சிகிச்சைக்கு நான்கு, நிர்வாகத்துக்கு ஒன்று: கிழக்கு பெங்களூருவில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனை

என் அம்மாவை ஒரே மருத்துவமனையில் இரண்டு முறை சேர்க்க நேர்ந்தது. முதல் முறை 2023 ஜூன் மாதம், குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தபோது. இரண்டாம் முறை 2025 அக்டோபரில், சிறுநீர்த் தொற்று முற்றிக் காய்ச்சலில் நினைவு தடுமாறியபோது. இரண்டு முறையும் அதே கட்டடம், அதே மூன்றாம் மாடிப் பெண்கள் பொது வார்டு, ஏறக்குறைய அதே மருத்துவர்கள். ஆனாலும் இரண்டும் ஒரே மருத்துவமனை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இடையில் அங்கே என்ன நடந்தது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் இந்த மதிப்புரை மற்றக் குடும்பங்களுக்குப் பயன்படும். பெயரை எழுதவில்லை, இன்னும் அங்கே வேலையில் இருப்பவர்களுக்கு என்னால் தொந்தரவு வரக் கூடாது. அல்சூரிலிருந்து ஆட்டோவில் போய்விடக்கூடிய தொலைவில், சுமார் இருநூறு படுக்கைகளுடன் ஓர் அறக்கட்டளை நடத்தும் மருத்துவமனை என்பது போதும்.

நான் ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அறக்கட்டளைகளின் வரவு செலவுக் கணக்குகளைப் பார்ப்பது என் அன்றாட வேலை. அதனால் வார்டில் நான் கண்ட குறைக்கும் மேல்மாடி நிர்வாகத்தின் சம்பளப் பட்டியலுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எலும்பு மருத்துவர் திறமையானவர், பொறுமையானவர். விழுந்த மறுநாளே அறுவை சிகிச்சை முடிந்தது. எந்த உலோகத்தைப் பொருத்துகிறோம், ஏன் அதைத் தேர்ந்தெடுத்தோம் என்பதைக் காகிதத்தில் படம் வரைந்து அம்மாவுக்கே விளக்கினார். பில்லில் சொல்லாத செலவு எதுவும் வரவில்லை. பொது வார்டுக் கட்டணமும் அந்தப் பகுதியின் மற்ற மருத்துவமனைகளைவிடக் குறைவாகவே இருந்தது.

ஆனால் அந்தப் பதினொரு நாளில் அம்மாவைத் தேற்றியது யார் என்று கேட்டால், அம்மா இன்றைக்கும் மருத்துவரைச் சொல்ல மாட்டார். வார்டு ஆயாவைத்தான் சொல்வார். ஐம்பது வயதைத் தொட்ட அந்த அக்கா கோலார் தங்கவயலில் இருந்து தினமும் வருபவர். இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்த முதியவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் முதுகின் அடிப்பகுதியிலும் குதிகாலிலும் புண் வரும். இது ஒருவரால் ஆகிற வேலை இல்லை. ஒருவர் தோளைப் பிடிக்க, இன்னொருவர் விரிப்போடு இடுப்பைத் தூக்க, நடுவில் தலையணை வைக்க வேண்டும். அந்த அக்காவும் இன்னொரு ஆயாவும் கடிகாரம் பார்க்காமலே நேரம் தெரிந்து வந்து நிற்பார்கள். “அம்மா, ஒரு நிமிஷம் மூச்சைப் பிடிங்க, இதோ ஆச்சு” என்பார். பெட்பேன் கேட்டால் கூச்சப்படாமல் கேட்கலாம் என்ற தைரியத்தை அம்மாவுக்குக் கொடுத்தவர் அவர்தான். பேச்சுவாக்கில் அம்மாவும் அவரும் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் பகுதியில் சுரங்கத் தொழிலாளர்களுக்கான அடுத்தடுத்த லைன் வீடுகளில் வளர்ந்தவர்கள் என்பது தெரிந்ததும், அந்த வார்டு எங்களுக்குச் சொந்த ஊர் போல் ஆகிவிட்டது.

இனி இரண்டாம் முறை. வாசலில் நுழைந்ததுமே மாற்றம் தெரிந்தது. வரவேற்புக் கூடம் முழுவதும் புதுப்பிக்கப்பட்டிருந்தது. கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், டோக்கன் எண் காட்டும் பெரிய திரை. பதிவு செய்ய முன்பு ஒரு மணி நேரம் ஆன இடத்தில் பதினைந்து நிமிடம்தான் ஆனது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆய்வகமும் மேம்பட்டிருக்கிறது, சிறுநீர்ப் பரிசோதனை முடிவு அன்று மாலையே கைப்பேசிக்கு வந்தது. தொற்றை மருத்துவர் சரியாகக் கண்டுபிடித்தார், சரியான மருந்தைத் தொடங்கினார். சிகிச்சைக்கு நான் ஐந்துக்கு நான்கு கொடுப்பது இதனால்தான்.

மூன்றாம் மாடிக்குப் போனதும் நிலைமை வேறு. பகலில் இரண்டு சிஸ்டர்கள். இரவில் பதினாறு படுக்கைக்கு ஒரே ஒரு சிஸ்டர். அவருக்கு உதவியாக இரண்டு மாடிகளுக்குச் சேர்த்து ஓர் ஆயா. பொது வார்டில் ஆறு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பதுதான் நம் நாட்டில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அந்தச் சிஸ்டருக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். டிரிப்ஸ் மாற்ற ஓடுவார், ஊசி போட ஓடுவார், அதற்குள் யாருக்காவது மூச்சு வாங்கும். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவரைத் தனியாக விட்டவர்கள் மேல்தான் குறை. மணியை அழுத்தினால் நாற்பது நிமிடம் கழித்து வருவார், வரும்போதே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வருவார்.

அம்மா முதல் இரண்டு நாள் தானாகப் புரள முடியாத நிலையில் இருந்தார். நோயாளியோடு ஒருவர்தான் தங்கலாம் என்பது விதி. இரவில் நான் ஒருத்தியாக அவரைப் புரட்டிப் பார்த்தேன். பழக்கமில்லாத கை, பாதிப் புரட்டலிலேயே அவருக்கு வலித்துவிடும், விட்டுவிடுவேன். ஏஜென்சியிலிருந்து வந்த புதிய பெண்ணை அழைத்தபோது, தன்னைத் துப்புரவுக்கு மட்டும்தான் அனுப்பியிருக்கிறார்கள், நோயாளியைத் தொட அனுமதியில்லை என்றார். நான்காம் நாள் காலை துடைக்கும்போது முதுகின் அடியில் தோல் சிவந்திருந்தது. ஆறாம் நாள் அது புண். தொற்று எட்டு நாளில் தீர்ந்தது. அந்தப் படுக்கைப்புண் ஆற வீட்டில் ஏழு வாரம் ஆயிற்று. டிஸ்சார்ஜ் சம்மரியில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. நான் வற்புறுத்திக் கேட்ட பிறகே கையால் எழுதிச் சேர்த்தார்கள்.

அந்த அக்கா எங்கே என்று இரண்டாம் நாளே விசாரித்தேன். வேலையில் இல்லை என்றார்கள். பழைய எண்ணில் அழைத்துப் பேசினேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கவயலுக்கே போய்ப் பார்த்தேன்.

தங்கவயலைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கிருப்பவர்களுக்கு வேலை போவது மற்றவர்களுக்கு வேலை போவது போல் இல்லை. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பக்கத்திலிருந்தும் மூன்று நான்கு தலைமுறைக்கு முன் வந்து பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கி வேலை செய்தவர்களின் பிள்ளைகள் அன்றைக்கு ஒரே நாளில் ரயிலைத் தேட ஆரம்பித்தார்கள். சாம்பியன் ரீஃபில் சுரங்க நிறுவனத்துக்கென்று ஒரு பெரிய மருத்துவமனை இருந்தது. நான் பிறந்தது அங்கேதான். சுரங்கத்தோடு அதுவும் மூடியது. பாழடைந்து கிடந்த கட்டடத்தைக் கொரோனா இரண்டாம் அலையின்போதுதான் தன்னார்வலர்கள் தூசி தட்டித் திறந்தார்கள். இன்று மாரிகுப்பத்தில் புறப்பட்டு, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூரு கன்டோன்மென்ட் வந்து சேரும் விடியற்காலை ரயிலில் நின்று பார்த்தால், பெங்களூருவின் மருத்துவமனைகளும் துணிக்கடைகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் யாருடைய உடலுழைப்பில் ஓடுகின்றன என்பது தெரியும். போக ஒரு நூறு கிலோமீட்டர், வர ஒரு நூறு. அந்த ஊரில் ஒரு வீட்டில் ஒரு சம்பளம் நின்றால், அதே ஊரில் மாற்று வேலை என்று ஒன்று கிடையாது.

அக்கா சொன்னது இதுதான். 2025 ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, ஆயாக்கள், வார்டு பாய்கள், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர்கள், சில செவிலியர்கள் எல்லோரையும் சேர்த்து நாற்பது பேருக்கு மேல் நிறுத்தினார்கள். “வேலையை விட்டு எடுக்கிறோம்னு யாருமே வாயால சொல்லலம்மா. திங்கக்கிழமையிலிருந்து ஏஜென்சி ஆளு வருவாங்க, நீங்க வர வேணாம்னு ஒரு காகிதத்தைக் கொடுத்தாங்க, அவ்ளோதான்.” அந்தக் காகிதத்தை நான் வாங்கிப் படித்தேன். நிதி நிலையைக் கருதிப் பணியாளர் அமைப்பைச் சீரமைத்திருப்பதாகவும், தாங்கள் லாப நோக்கமற்ற அறப்பணி நிறுவனம் என்பதால் பணிக்கொடையைத் தவிர வேறு இழப்பீடு தர இயலாது என்றும் அதில் எழுதியிருந்தது. பதினான்கு ஆண்டு வேலை பார்த்தவருக்கு எழுதிய கடிதம் அது.

தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்ப்பவளாக என்னை உறுத்திய இடம் இந்த வரிதான். ஏனென்றால் அதே மருத்துவமனை, அதற்கு ஆறு மாதம் முன்பு, தலைமை நிர்வாக அதிகாரி வேண்டும் என்று தன் இணையப் பக்கத்தில் விளம்பரம் செய்திருந்தது; அதில் நகரத்தின் முன்னணித் தனியார் மருத்துவமனைகளுக்கு இணையான ஊதியமும் செயல்திறன் ஊக்கத்தொகையும் தரப்படும் என்று இருந்தது. அவர் வந்தார், அவருக்குக் கீழே இரண்டு துணைத் தலைவர்கள் வந்தார்கள். ஆயாவிடம் கணக்குப் பேசும்போது தன்னை அறப்பணி என்கிற நிறுவனம், அதிகாரியிடம் சம்பளம் பேசும்போது சந்தை நிலவரம் என்கிறது. ஒரே நிறுவனம் இரண்டு நாக்கால் பேசலாமா என்பதுதான் என் கேள்வி.

அந்தக் கடிதமே சட்டப்படி சரியானதா என்பது சந்தேகத்துக்குரியது. மருத்துவமனையும் தொழில் தகராறுச் சட்டத்தின்படி ‘தொழில்’தான் என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 1978இல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கே நம் ஊர் வழக்கு: பெங்களூர் குடிநீர் வாரியத்துக்கும் அதன் ஊழியர்களுக்கும் இடையே நடந்தது, பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ண ஐயர். அதன்படி, ஓராண்டு தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் அக்காவை நிறுத்தியபோது நடைமுறையில் இருந்த 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25எஃப் பிரிவு ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளமும், வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் ஊதியமும் தரச் சொன்னது. மீண்டும் ஆள் எடுத்தால் நிறுத்தப்பட்டவர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் 25எச் பிரிவு சொன்னது. அக்காவுக்கும் அவரோடு நிறுத்தப்பட்டவர்களுக்கும் இது எதுவும் கிடைக்கவில்லை. அவர்கள் தொழிலாளர் துறையில் மனு கொடுத்திருக்கிறார்கள். நான் கணக்குகளை எழுதிக் கொடுத்தேன்.

இனிமேல் வருகிறவர்களுக்கு இந்தப் பிடிமானமும் தளரக்கூடும் என்பதுதான் என் பெரிய கவலை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, முழுமையாகவோ பெருமளவிலோ அறப்பணியில் ஈடுபட்டுள்ள அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களைத் ‘தொழில்’ என்ற வரையறைக்கு வெளியே வைக்கிறது. அறக்கட்டளை என்ற பெயர்ப்பலகையுள்ள ஒவ்வொரு மருத்துவமனையும் இந்த வாசலில் நுழையப் பார்க்கும். நுழையட்டும், ஆனால் அப்படி நுழைகிற நிறுவனத்தின் தலைமைச் சம்பளமும் அறப்பணியின் அளவில் இருக்க வேண்டாமா?

இந்த இடத்தில் சட்டம் எவ்வளவு மெல்லியதாக இருக்கிறது என்பதை, வேலையில் தினமும் பார்ப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு மருத்துவமனைக் குழுமம், 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 197ஆம் பிரிவின்படி, ஒவ்வோர் இயக்குநரின் ஊதியமும் சம்பள வரிசையில் நடுவில் இருக்கும் ஊழியரின் ஊதியத்தைப் போல் எத்தனை மடங்கு என்பதை ஆண்டறிக்கையில் அச்சிட வேண்டும். ஊழியர்களுக்குச் சராசரியாக எத்தனை சதவீதம் உயர்வு, நிர்வாகிகளுக்கு எத்தனை சதவீதம் என்று ஒப்பிட்டும் எழுத வேண்டும். பப்ளிக் லிமிடெட் நிறுவனங்களுக்கு உச்சவரம்பும் உண்டு: நிர்வாகிகள், இயக்குநர்கள் எல்லோருக்குமான மொத்த ஊதியம் நிகர லாபத்தில் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. லாபமே இல்லாத ஆண்டில் அந்தச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை வேலை செய்கிறது. 100 கோடிக்கும் 250 கோடிக்கும் இடையில் பயனுறு மூலதனம் (effective capital) உள்ள நிறுவனம் ஒரு நிர்வாகிக்கு ஆண்டுக்கு 1.20 கோடி ரூபாய்க்கு மேல் தர வேண்டுமானால் பங்குதாரர்களிடம் சிறப்புத் தீர்மானம் பெற வேண்டும். இந்த வரம்புகள் உயரமானவை, தாண்டுவதற்கு வழியும் உள்ளவை. இருந்தாலும் ஒருவர் எழுந்து நின்று காரணம் கேட்க அங்கே இடம் இருக்கிறது.

அறக்கட்டளைக்கு அந்த இடமும் இல்லை. பங்குதாரர் இல்லை, அச்சிடும் கட்டாயம் இல்லை. வருமான வரிச் சட்டம், நிறுவனருக்கோ அறங்காவலருக்கோ மேலாளருக்கோ அவர்களுடைய உறவினருக்கோ நியாயமான அளவுக்கு மேல் சம்பளம் கொடுத்தால் அந்தத் தொகைக்கு வரிவிலக்கு இல்லை என்கிறது. நியாயமான அளவு எது என்று அது சொல்வதில்லை. நடைமுறையில், அதே பதவிக்குப் பெரிய தனியார் மருத்துவமனை என்ன கொடுக்கிறது என்ற ஒப்பீட்டுத் தாளை இணைத்தால் கேள்வி அநேகமாக முடிந்துவிடுகிறது. அந்த வாரம் எத்தனை ஆயாக்களை வீட்டுக்கு அனுப்பினீர்கள் என்று அந்தத் தாளில் யாரும் கேட்பதில்லை.

நான் மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதினேன். இரண்டே கேள்விகள். தலைமை நிர்வாகத்தில் உள்ள மூவரின் மொத்த ஊதியம் எவ்வளவு? ஆட்குறைப்பு நடந்த நிதியாண்டில் அவர்களுக்கு உயர்வோ ஊக்கத்தொகையோ தரப்பட்டதா? நிர்வாகிகளின் ஊதியம் நிறுவனத்தின் உள்விவகாரம் என்று ஒரு வரியில் பதில் வந்தது. பில்லிங் கவுன்டருக்கு மேலே படுக்கைக் கட்டணம், டிரெஸ்ஸிங் கட்டணம், ஆம்புலன்ஸ் கட்டணம் எல்லாம் பலகையில் இருக்கின்றன. கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டம் அவற்றை எழுதி வைக்கச் சொல்வதால் இருக்கின்றன. வரிவிலக்கும் நன்கொடையும் ஆயுஷ்மான் பாரத் – ஆரோக்கிய கர்நாடகா என்ற அரசு மருத்துவத் திட்டத்தின் பணமும் பெறும் ஒரு நிறுவனத்தில், அதே பலகையில் இன்னும் ஒரு வரி எழுதுவது யாருக்கும் பாரமாக இருக்காது.

எதிர்த்தரப்பு வாதத்தையும் நான் மனதில் போட்டுப் பார்க்காமல் இல்லை. என் அலுவலகத்திலேயே மூத்தவர் ஒருவர் கேட்டார்: “நல்ல நிர்வாகி இல்லாமல் மருத்துவமனையே மூடிப்போனால் அந்த நாற்பது பேரோடு நானூறு பேருக்கும் வேலை போகுமே அம்மா, அதைவிட இது மேல் இல்லையா? மேலும் மூன்று பேர் சம்பளத்தைக் குறைத்தால் எத்தனை பேரைக் காப்பாற்றிவிட முடியும்?” நியாயமான கேள்வி. அந்த மருத்துவமனை நெருக்கடியில் இருந்தது உண்மை. திட்ட நோயாளிகளுக்கான பணம் தாமதமாக வருவதும், மருந்து விலை ஏறியதும் எனக்குத் தெரியும். நல்ல நிர்வாகம் தேவை என்பதையும் மறுக்கவில்லை. பதிவு செய்ய ஒரு மணி நேரம் ஆன இடத்தில் கால் மணி நேரமாக்கியவர் அந்த நிர்வாகிதான்.

ஆனால் எத்தனை பேரைக் காப்பாற்ற முடியும் என்பதற்குக் கணக்குப் போடலாம். எடுத்துக்காட்டாக, ஒரு மருத்துவமனையின் தலைமை நிர்வாகிக்கு ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் பத்தில் ஒரு பங்கு 15 லட்சம். மாதம் 15,000 ரூபாய் வாங்கும் ஓர் ஆயாவுக்குச் சேமநல நிதி, ஈ.எஸ்.ஐ. பங்கு எல்லாம் சேர்த்து ஆண்டுச் செலவு ஏறக்குறைய 2.1 லட்சம் ஆகும். அப்படியானால் அந்தப் பத்தில் ஒரு பங்கு ஏழு ஆயாக்களின் சம்பளம். ஓர் இடத்தில் 24 மணி நேரமும் ஓர் ஆயா இருக்க மூன்று ஷிப்டுக்கு மூன்று பேர். இரண்டு ஆயாக்கள் இருக்க ஆறு பேர். வார விடுமுறைக்கு மாற்றாக இன்னும் ஒருவர், ஆக ஏழு. ஒரு வார்டில் இரவும் பகலும் ஒரு முதியவரைப் புரட்டிப் படுக்கவைக்க எப்போதும் இரண்டு ஜோடிக் கைகள் என்று அதற்குப் பொருள். என் அம்மாவின் முதுகில் புண் வந்த வார்டுக்கு அதுதான் தேவைப்பட்டது. அவர் சம்பளம் முழுவதையும் யாரும் கேட்கவில்லை; பத்தில் ஒன்றே ஒரு வார்டைக் காப்பாற்றும்.

மேலும், கீழே உள்ளவர்களுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று பேசும்போது மட்டும் நம் நாட்டில் அளவுகோல் வருவதையும் கவனிக்கிறேன். செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் 2016 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதன் பேரில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. இருநூறு படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனைகள் மாநில அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம் தர வேண்டும். ஐம்பது படுக்கைக்குக் கீழே இருந்தால்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. பத்து ஆண்டுகளாகியும் பல இடங்களில் அது பரிந்துரையாகவே இருக்கிறது. மேல் எல்லையைப் பற்றி அப்படி ஒரு குழுவாவது கூட வேண்டும்.

அமெரிக்காவில் இதை நமக்கு முன்பே பேசத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் செய்ததிலும் செய்யத் தவறியதிலும் நமக்குப் பாடம் இருக்கிறது. அங்கே வரிவிலக்குப் பெறும் மருத்துவமனைகள் உயர் அதிகாரிகளின் ஊதியத்தை ஆண்டுதோறும் பொதுமக்கள் பார்க்கக்கூடிய படிவத்தில் அறிவிக்க வேண்டும். 2017ஆம் ஆண்டு வரிச் சட்டம், அத்தகைய நிறுவனத்தில் ஒருவருக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கும் தொகைக்கு 21 சதவீத வரியை நிறுவனத்தின் மேல் விதித்தது. மருத்துவர் சிகிச்சைக்காகப் பெறும் ஊதியத்தை அதிலிருந்து விலக்கியது. இந்த விலக்கு சரியானது. நானும் அறுவை சிகிச்சை செய்யும் கையைப் பற்றிப் பேசவில்லை. 2014இல் மாசசூசெட்ஸ் செவிலியர் சங்கம், தலைமை நிர்வாகியின் ஊதியம் மிகக் குறைந்த ஊதியம் பெறுபவரைப் போல் நூறு மடங்கைத் தாண்டக் கூடாது என்று வாக்கெடுப்புக்கு முயன்றது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு செவிலியருக்கு ஒன்று அல்லது இரண்டு நோயாளிகள்தான் என்ற சட்டம் கிடைத்ததும் அந்த முயற்சியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வார்டில் ஆள் இருப்பதும் மேலே சம்பளம் இருப்பதும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள் என்பதைச் செவிலியர்கள் எவ்வளவு தெளிவாகப் புரிந்துகொண்டிருந்தார்கள் என்பதற்கு அந்தப் பேரமே சாட்சி.

பத்தாண்டு கழித்து, அதே மாநிலத்தில் மருத்துவமனைகளை நடத்திவந்த ஸ்டூவர்ட் ஹெல்த் கேர் என்ற லாபநோக்கு நிறுவனம் 2024 மே மாதம் திவால் மனு கொடுத்தது. பாஸ்டனில் உழைக்கும் மக்கள் நிறைந்த டார்செஸ்டர் பகுதியின் கார்னி மருத்துவமனையும், ஏயர் என்ற சிற்றூரின் நஷோபா வேலி மருத்துவமனையும் ஆகஸ்ட் 31 அன்று மூடப்பட்டன. அதன் தலைமை நிர்வாகி செனட் குழுவின் அழைப்பாணைக்கு வராததால், அவர் மேல் அவமதிப்பு நடவடிக்கை எடுக்க செனட் ஒருமனதாகத் தீர்மானித்தது. பத்து லட்சம் டாலர் வரி அங்கே எதையும் தடுக்கவில்லை, ஏனென்றால் அது வரிவிலக்குப் பெற்ற நிறுவனங்களுக்கு மட்டுமே. கொரோனாக் காலத்தில் மருத்துவமனைகளுக்கு அமெரிக்க அரசு தந்த நிவாரண நிதியிலும், ஆண்டுக்கு 1,97,300 டாலருக்கு மேற்பட்ட சம்பளத்துக்கு அந்தப் பணத்தைப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனை 2020இல் இருந்தது. ஆனால் வேறு பணத்திலிருந்து மிச்சத்தைக் கொடுக்கத் தடை இல்லை. தனித்தனியாகப் போட்ட வேலிகள் ஒவ்வொன்றுக்கும் இடைவெளி இருந்தது.

ஆகவே பொத்தாம்பொதுவாக ஒரு தொகையை எழுதி இதற்கு மேல் கூடாது என்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆட்குறைப்போடு கட்டிப்போட வேண்டும் என்கிறேன். ஒரு மருத்துவமனை நிதிக் காரணம் சொல்லி வார்டு ஊழியர்களைக் குறைக்கும் நாளிலிருந்து, அந்த இடங்கள் மீண்டும் நிரம்பும் வரை, மேல்மட்ட நிர்வாகிகளுக்கு உயர்வும் ஊக்கத்தொகையும் இல்லை என்று இருக்க வேண்டும். ஆட்குறைப்பு அறிவிப்பிலேயே அவர்களுடைய ஊதியமும் அச்சிடப்பட வேண்டும். நேரடி ஊழியரை நிறுத்தி ஏஜென்சி ஆளை வைப்பதும் ஆட்குறைப்பு என்றே எண்ணப்பட வேண்டும். இந்த நிபந்தனையை வரிவிலக்கோடும் அரசுத் திட்டப் பணத்தோடும் இணைத்துவிட்டால் புதிதாக ஒரு துறை தேவையில்லை. அறக்கட்டளை மருத்துவமனை மேல் கடமையை ஏற்ற முடியாது என்பாரும் உண்டு. மகாராஷ்டிரத்தில் பொது அறக்கட்டளைச் சட்டத்தின் 41ஏஏ பிரிவின் கீழ், மும்பை உயர் நீதிமன்றம் 2006இல் ஏற்படுத்திய திட்டப்படி, அறக்கட்டளை மருத்துவமனைகள் பத்து சதவீதப் படுக்கைகளை வறியவர்களுக்கு இலவசமாகவும், இன்னொரு பத்து சதவீதத்தைச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்குகின்றன. மொத்த பில் தொகையில் இரண்டு சதவீதத்தை அதற்கென்றே ஒரு நிதியில் போடுகின்றன. படுக்கைக்கு விதி போட முடிந்தால் சம்பளத்துக்கும் முடியும்.

மருத்துவமனையின் மற்ற விவரங்கள். கேன்டீன் சுத்தம், காலை ஏழு மணிக்கு இட்லியும், நோயாளிக்குத் தனியாக உப்பில்லாத கஞ்சியும் கிடைக்கும். மருந்துக்கடை இரவு முழுவதும் திறந்திருக்கும், ஆனால் வயதானவர்களுக்கான டயாபரும் விரிப்பும் வெளியில் வாங்கினால் மலிவு. லிஃப்டில் ஸ்ட்ரெச்சருக்கு முன்னுரிமை என்று எழுதியிருந்தாலும் தள்ள ஆள் வரக் காத்திருக்க வேண்டும்; ஸ்கேனுக்கு அம்மாவை நானும் பக்கத்துப் படுக்கைக்காரரின் மகனும்தான் தள்ளிக்கொண்டு போனோம். டிஸ்சார்ஜ் பில் முடிய ஐந்து மணி நேரம் ஆயிற்று. ஓ.பி.க்கு, குறிப்பாக எலும்பு, சர்க்கரை நோய்ப் பிரிவுகளுக்கு, தயங்காமல் போகலாம். எழுந்து நடமாடும் நோயாளி இரண்டு மூன்று நாள் தங்குவதற்கும் குறையில்லை. தானாகப் புரள முடியாத முதியவரைச் சேர்ப்பதாக இருந்தால், முன்பணம் கட்டுவதற்கு முன் இரவு ஷிப்டில் அந்த வார்டில் எத்தனை சிஸ்டர், எத்தனை ஆயா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். காற்று மெத்தையைக் கையோடு கொண்டு போங்கள். கூடத் தங்க இரண்டு பேருக்கு அனுமதி கேளுங்கள். நர்சிங் சூப்பிரண்டென்ட் நல்லவர், காரணம் சொன்னால் கையெழுத்துப் போட்டுத் தருவார்.

புண் ஆறும் வரை எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவைப் புரட்டி, துடைத்து, டிரெஸ்ஸிங் செய்தது அந்த அக்காதான். வாரத்தில் நான்கு நாள், அதே விடியற்காலை ரயிலில் வந்தார். இப்போது அல்சூரிலும் மர்பி டவுனிலும் இரண்டு வீடுகளில் முதியவர்களைப் பார்த்துக்கொள்கிறார். சேமநல நிதி கிடையாது, ஈ.எஸ்.ஐ. கிடையாது. தொழிலாளர் துறையில் அடுத்த விசாரணைக்கு நானும் அவரோடு போகிறேன். அம்மாவின் இடுப்பைப் பார்த்த மருத்துவரிடம் அடுத்த மாதம் ஓ.பி.யில் காட்ட நேரம் வாங்கியிருக்கிறோம். வார்டில் சேர்க்க வேண்டும் என்று அவர் சொன்னால், அரசு நடத்தும் பவுரிங் மருத்துவமனைக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்பதாக அம்மாவும் நானும் முடிவு செய்திருக்கிறோம்.